சீமைக்கருவேலங்காட்டில் ஒரு வலம்

முழங்கால் வலியுள்ள 68 வயது மாமனாரையும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்கும் 10 வயது மகளையும் ஒன்றாக அழைத்துச் செல்லக்கூடிய காட்டு நடை தில்லியில் உண்டா என்று யாராவது கேட்டால், உண்டு என்றே சொல்வேன். மெஹ்ரோலிக்கும் வசந்த் குஞ்சுக்கும் நடுவில் இருக்கும் சஞ்சய் வன் என்ற காட்டுக்குள், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும்படியாக ஒரு சுற்று நடந்துவிட்டு வந்த அனுபவத்தை வைத்து இதை எழுதுகிறேன். மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை 6.45-க்கு உள்ளே நுழைந்தோம். வெளியே வரும்போது 9.30 ஆகியிருந்தது. கைப்பேசிக் கணக்குப்படி ஆறரைக் கிலோமீட்டர். மூச்சிரைக்கும் ஏற்றம் என்று சொல்ல ஓரிடம்கூட இல்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். இது பூங்கா அன்று. புல்வெளியும் ஊஞ்சலும் வரிசையாக நட்ட பூச்செடியும் வேண்டுவோர் லோதி தோட்டத்துக்குப் போகலாம். ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி வால் தில்லிக்குள் நுழைந்து யமுனைக் கரையை நோக்கித் தேய்ந்து போகிறது. அந்த வாலைத்தான் தில்லிக்காரர்கள் ரிட்ஜ் என்கிறார்கள். வடக்கு, மத்திய, தென்மத்திய, தெற்கு என்று நான்கு துண்டுகளாகக் கிடக்கும் இந்த ரிட்ஜில் 7,777 ஹெக்டேர் நிலத்தை, 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தின் கீழ் காப்புக்காடாக 1994-இல் அறிவித்தார்கள். அவற்றுள் 626 ஹெக்டேர் பரப்புள்ள தென்மத்தியத் துண்டில்தான் சஞ்சய் வன் அடங்குகிறது. நம்மவர்களுக்குச் சட்டென்று புரியும்படி சொல்வதானால், ஆர்.கே.புரத்து மலை மந்திர் எந்தப் பாறையின் மேல் நிற்கிறதோ, அதே பாறை இங்கே காடாகப் படர்ந்து கிடக்கிறது.

போய்ச் சேர்வது எளிது. மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் ஹவுஸ் காஸிலோ குதுப் மினார் நிலையத்திலோ இறங்கி ஆட்டோ பிடித்தால், குதுப் இன்ஸ்டிட்யூஷனல் ஏரியா பக்கத்து வாயிலில் விட்டுவிடுவார்கள். அருணா ஆசஃப் அலி சாலையிலும் வாயில் உண்டு; ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் அந்தப் பக்கமாக நடந்தே வந்துவிடுகிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. விடிந்த பிறகு உள்ளே போய், இருட்டுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

நான் இங்கே போவது இது முதல்முறை அன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவினர், தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு நடத்திய வழிகாட்டி நடையில் சேர்ந்து போயிருந்தேன். பணம் போனது பெரிதில்லை. அந்த இளைஞர் வாயிலில் தொடங்கி வாயிலுக்குத் திரும்பும் வரை, வெள்ளைப் புடவை கட்டிய பெண் வழி மறித்த கதைகளையே சொல்லிக்கொண்டு வந்தார். சஞ்சய் வன் பேய்க்காடு என்ற வதந்தி இணையத்தில் நெடுநாளாக உலவுகிறது. அதற்குச் சந்தை இருக்கிறது போலும். ஒரு மரத்தின் பெயரைக் கேட்டபோது, "ஜங்கிள் ட்ரீ சார்" என்று பதில் வந்தது. பாதை இவ்வளவு எளிதாக இருக்கும்போது வழிகாட்டிக்குப் பணம் கொடுப்பதாக இருந்தால், மரமும் பறவையும் அறிந்த ஒருவருக்கே கொடுக்க வேண்டும் என்பது அன்று நான் கற்றது. இந்த முறை கூட வந்த என் மாமனார் பைசா வாங்காமல் அந்த வேலையைச் செய்தார்.

குதுப் இன்ஸ்டிட்யூஷனல் ஏரியா வாயிலில் தொடங்கினால், கோயிலைச் சுற்றுவதுபோல வலமாகவே சுற்றி வருமாறு பரிந்துரைக்கிறேன். முதலில் தெற்கு நோக்கிப் போகும்போது காலை வெயில் இடது தோளில் விழும், கண் கூசாது. பழைய கோட்டைச் சுவரும் மேடும் கால் களைக்கும் முன்பே வந்துவிடும். பிறகு மேற்கே திரும்பி, நீர்த்தேக்கங்களை ஒட்டி வடக்காக ஏறி, வாயிலுக்கு வந்துவிடலாம். இந்த வரிசையில் ஒரு குறை, காட்டின் மிக அழகில்லாத பகுதி கடைசியில் வருவதுதான். அதைப் பிறகு சொல்கிறேன். அகலமான மண்பாதை பெரும்பகுதியும் சமமாக இருக்கிறது. இடையிடையே உடைகல் துருத்திக்கொண்டிருக்கும் இடங்களில் மட்டும் மாமனார் கைத்தடியை ஊன்றினார். காவல் கோபுரங்கள் இருக்கின்றன. அவர் ஏறவில்லை, மகள் ஒன்றைக்கூட விடவில்லை.

வாயிலைத் தாண்டி இருநூறு அடி போயிருக்க மாட்டோம், மாமனார் நின்றுவிட்டார். கால் வலிக்கிறதோ என்று பதறித் திரும்பினால், அவர் சுற்றிலும் நிற்கும் மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர், இளம் வயதில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவர். "மாப்பிள்ளை, இதைப் பாக்கவா இம்புட்டுத் தூரம் கூட்டியாந்தீங்க? நம்ம கண்மாய்க்குள்ள இறங்கியிருந்தாப் போதுமே!" என்றார்.

அவர் சொன்னது சரி. சஞ்சய் வனத்தில், ஏன் தில்லி ரிட்ஜ் முழுவதிலுமே, மிகுதியாக நிற்பது சீமைக்கருவேலம்தான். நம் ஊர்களில் வேலிக்காத்தான் என்றும் வேலிக்கருவை என்றும் வட்டாரத்துக்கு ஒரு பெயரில் வழங்கும் அதே மரம். இங்கே அதற்கு விலாயதி கீக்கர் என்று பெயர். கீக்கர் என்றால் கருவேலம். விலாயதி என்றால் சீமையிலிருந்து வந்தது. ஆயிரத்தைந்நூறு மைலுக்கு இடையில், ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமலே, இரண்டு மொழிக்காரர்கள் ஒரே மரத்துக்கு ஒரே பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். உண்மையில் அதன் சீமை இங்கிலாந்து அன்று. மெக்சிகோவும் தென் அமெரிக்காவின் வடபகுதியும்தான் அதன் தாயகம். 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் இந்தியாவுக்குள் வந்தது. 1911-இல் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று அறிவித்த பிறகு, மொட்டைப் பாறையாகக் கிடந்த ரிட்ஜைப் பச்சையாக்க முனைந்த ஆங்கில அதிகாரிகள் பல மரங்களை முயன்று பார்த்தார்கள்; தண்ணீரும் கேட்காமல் ஆடு மாட்டுக்கும் அஞ்சாமல் பிழைத்துக்கொண்டது இதுதான்.

இதை அறியாமல் போகிறவர்களுக்குத்தான் இந்த நடை ஏமாற்றமாக இருக்கும் என்று நினைக்கிறேன். தூரத்திலிருந்து பார்க்கும்போது அடர்ந்த காடு. உள்ளே போனால் ஒரே மரம், அதே சல்லடை நிழல், கீழே வெறும் தரை. மாமனார் கைத்தடியால் சருகைக் கிளறிக் காட்டினார். ஒரு முழம் சுற்றளவில் புல்லின் வேர்கூட இல்லை. அதன் இலைச்சருகிலிருந்து இறங்கும் வேதிப்பொருள்கள் மற்ற விதைகள் முளைப்பதைத் தடுக்கின்றன; வேர் ஆழத்துக்குப் போய் ஈரத்தை எடுத்துக்கொள்கிறது. நம் பக்கத்தில் இதை அகற்றச் சொல்லி 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்டதையும், அதைத் தொடர்ந்து ஊர் ஊராகப் பொக்லைன் இறங்கியதையும், இரண்டே மழையில் மறுபடி தளிர்த்து நின்றதையும் அவர் என் மகளுக்கு ஒரு வழக்கு விவரம்போலச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆனால் பழிப்பதோடு அவர் நிறுத்தவில்லை. இந்த விறகுக்கு இணையாகக் கரிக்கு வேறு விறகு இல்லை என்பதும், தன் அக்காவின் கல்யாணம் இந்த மரத்தால் நடந்தது என்பதும் அவர் பேச்சின் மறுபாதி.

தில்லியில் இதை ஒரேயடியாக வெட்டிச் சாய்ப்பதில்லை. மரத்தின் பக்கக் கிளைகளை மட்டும் கழித்து, கீழே வெளிச்சம் விழச் செய்து, அந்த வெளிச்சத்தில் இந்த மண்ணுக்குரிய மரங்களை நட்டு, அவை தலைக்கு மேல் வளர்ந்த பின் சீமைக்கருவேலம் தானாக ஒடுங்கும்படி விடும் முறையை இங்குள்ள ஆய்வாளர்கள் கடைப்பிடிக்கிறார்கள். இதன் பலனைப் பார்க்க விரும்புவோர் வசந்த் விஹார் பக்கத்து ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவுக்கு ஒருமுறை போய் வரலாம். சுரங்கம் தோண்டிப் பாழான நிலம் அது. டெல்லிப் பல்கலைக்கழகத்தாரின் துணையோடு உள்ளூர் மரங்களை வைத்து மீட்டிருக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் நடந்து பார்த்தால், காடு என்ற சொல்லையே கொஞ்சம் யோசித்துத்தான் பயன்படுத்தத் தோன்றும்.

சஞ்சய் வனத்திலும் மற்ற செடிகள் இல்லாமல் இல்லை, தேட வேண்டும். பாதையோரம் முழுக்கப் புதர் புதராக நின்ற ஒன்றை மகள் சாதாரணச் செடி என்று கடந்து போக, தாத்தா ஓர் இலையை முகர்ந்து பார்த்துவிட்டு ஆடாதோடை என்றார். ஆடு தொடாத இலை. சளிக்கும் இருமலுக்கும் நம் வீடுகளில் கஷாயம் வைப்பது. ரிட்ஜ் எங்கும் இது மண்டிக் கிடப்பதற்கும் அந்தப் பெயரே காரணம். இலந்தையில் பழம் இருந்தது. சிறியது, துவர்ப்பு மிகுந்தது. உகா மரம் ஒன்று கண்ணில் பட்டது. குச்சியை ஒடித்துப் பல் துலக்கப் பயன்படும் அந்த மரத்தைக் கடைசியாகப் பார்த்து நாற்பது ஆண்டு ஆயிற்று என்றார் மாமனார். ஒடிக்கக் கை நீட்டியவரை நான் தடுத்தேன். காப்புக்காட்டில் ஒரு குச்சியும் ஒடிக்கக் கூடாது. புரசு மரங்கள் இலை உதிர்ந்து, கிளிமூக்குப் பூக்கள் செம்மஞ்சளாகத் திறக்கத் தொடங்கியிருந்தன. அந்தப் பூவுக்காகவே மார்ச் மாதம் போகலாம்.

பாதி வழியில் மகள் "ஆ" என்று உட்கார்ந்துவிட்டாள். விளையாட்டுக் காலணி போட்டு வரச் சொல்லியிருந்தும், தக்கைபோன்ற அடிப்பாகம் உள்ள செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஒன்றரை அங்குல முள், அடிப்பாகத்தைத் துளைத்துக் குதிகால் வரை ஏறியிருந்தது. மாமனார் ஒரு பாறையில் அமர்ந்து அவள் காலை மடியில் வைத்துக்கொண்டார். அரைஞாண் கயிற்றில் அவர் எப்போதும் ஓர் ஊக்கு மாட்டியிருப்பார். வீட்டில் அதற்காக நாங்கள் சிரிப்பதுண்டு. அதைக் கழற்றி, முனையை விரலில் ஒருமுறை பார்த்து, முள் நுழைந்த வழியைச் சுற்றிலும் இரண்டு தடவை கீறி, பெருவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். முள்ளின் கறுத்த நுனி முழுதாக வெளியே வந்தது. அதை உள்ளங்கையில் வைத்து, "நுனி இருக்கா பாரு, நுனி உள்ள நின்னாத்தான் சீழ் வைக்கும்" என்று அவளிடமே காட்டினார். எளிய பாதை என்று நான் சொல்வதில் அடிப்பாகம் தடித்த காலணி என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது. காலை நடையர்கள் பலர் ரப்பர் செருப்போடு வருவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அவர்கள் அகலப் பாதையை விட்டு இறங்குவதில்லை.

அந்தப் பாறையிலிருந்து சற்றுத் தொலைவில் கோட்டைச் சுவர் தொடங்குகிறது. 11-ஆம் நூற்றாண்டில் தோமர் அரசன் அனங்கபாலன் கட்டிய லால் கோட் என்ற அரணையும், அதை 12-ஆம் நூற்றாண்டில் பிருதிவிராஜ சௌகான் விரித்து அமைத்த கிலா ராய் பிதோராவையும் சேர்ந்த மதில்கள் இந்தக் காட்டின் ஊடாக ஓடுகின்றன. சம்யுக்தையைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு போன கதையால் மட்டுமே நாம் அறிந்த அந்த அரசனின் மதிலை இவ்வளவு அருகில், சீட்டு வாங்காமல், கூட்டமில்லாமல் பார்க்க வேறு வாய்ப்புக் குறைவு. சுவருக்கான கல்லும் காலடியில் கிடக்கும் கல்லும் ஒன்றே: நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே மணற்கல்லாகப் படிந்து, பின் இறுகிப் போன குவார்ட்சைட். எனவே மதில் எங்கே முடிகிறது, பாறை எங்கே தொடங்குகிறது என்பது பல இடங்களில் தெரிவதில்லை. மேட்டில் ஏறி நின்றால் மரத்தலைகளுக்கு அப்பால் 72.5 மீட்டர் உயரமுள்ள குதுப் மினார் தெரிகிறது. கீழே சாலையிலிருந்து அண்ணாந்து பார்க்கும் மினாரைவிட, காட்டுக்கு மேலே பாதி மட்டும் தெரியும் இந்த மினார்தான் எனக்குப் பிடித்தது. காட்டுக்குள்ளேயே ஆஷிக் அல்லா தர்கா இருக்கிறது; 1317-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வழிபட வருவோர் அமைதியாக வந்து போகிறார்கள். நாமும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கடப்பது முறை.

விலங்குகளைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பை அடக்கிக்கொள்வது நல்லது. மயில் நிச்சயம், அன்று பதினொன்று எண்ணினாள் மகள். கவுதாரியின் கூவல் பாதை நெடுகத் தொடர்ந்தது. தவிட்டுக்குருவிகள் கூட்டமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன, வால்காக்கை ஒன்று அதை வேடிக்கை பார்த்தது. நரியும், மான் போன்ற பெரிய விலங்கான நீல்காயும் இங்கே வாழ்கின்றன. இரண்டையும் நாங்கள் பார்க்கவில்லை. ஆனால் பாதையோரம் ஓரிடத்தில் பெரிய புழுக்கைக் குவியல் கிடந்தது. ஆட்டுக்கிடை போட்டிருந்தார்களோ என்று மாமனார் ஐயப்பட்டார். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து குவியலாகப் போடுவது நீல்காயின் வழக்கம் என்று நான் சொன்னதும், தடியின் நுனியால் ஒன்றை உடைத்துப் பார்த்தார். உள்ளே சீமைக்கருவேல விதை இரண்டு இருந்தன. இனிப்பான நெற்றை விலங்கு தின்கிறது, விதை செரிக்காமல் வெளியே வந்து முளைக்கிறது. "ஊர்ல ஆடு செய்யிற வேலைய இங்க இது செய்யுது" என்று சொல்லிவிட்டு நடந்தார். பணம் வாங்கிய வழிகாட்டி இரண்டு மணி நேரத்தில் சொல்லாதது இது.

இனி குறைகள். உள்ளே கிளைப்பாதைகள் ஏராளம், ஒன்றைப்போல் ஒன்று. மேற்கே திரும்ப வேண்டிய இடத்தில் எனக்குத்தான் எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் கைப்பேசி வரைபடத்தைப் பார்க்காமல் ஓர் ஒற்றையடிப் பாதையில் இறங்கி, முள்ளுக்குள் போய் நின்று, கால் மணி நேரம் வீணாக்கினேன். தவறு என்னுடையதே. சிக்னல் கிடைக்கிறது, வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கவைகளில் அகலமான பாதையையே எடுத்தால் வழி தவற வாய்ப்பில்லை. அடுத்தது, முன்பே சொன்ன அந்தக் கடைசிப் பகுதி. நகரத்தின் கழிவுநீர் சுத்திகரித்து வரும் ஓடை காட்டுக்குள் பாய்ந்து நீர்த்தேக்கங்களை நிரப்புகிறது. நீர்க்காகமும் கொக்கும் அதை நம்பி இருக்கின்றன என்பது உண்மை. சில இடங்களில் நாற்றம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்க வைக்கிறது என்பதும் உண்மை. எதிர்த்திசையில் இடமாகச் சுற்றினால் வெயில் ஏறும் முன்பே அதைக் கடந்துவிடலாமே என்று என் மனைவி வீட்டில் கேட்டாள். நியாயமான கேள்விதான். முதியவரின் முழங்காலை உத்தேசித்து நான் வலமாகவே சுற்றினேன். காலில் பலமுள்ளவர்கள் மாற்றிச் சுற்றிப் பார்க்கலாம்.

பருவம் முக்கியம். பிப்ரவரி நடு முதல் மார்ச் முடிய இந்த நடைக்கு உகந்த காலம். நவம்பரில் குளிர் இதமாக இருந்தாலும், புகைமூட்டம் கவிந்த நாள்களில் ஆறரைக் கிலோமீட்டர் நடப்பது நுரையீரலுக்குச் செய்யும் துரோகம். டிசம்பர், ஜனவரியில் மூடுபனி விலகவே ஒன்பது, பத்து மணி ஆகிவிடும். மே, ஜூன் மாதங்களில் இது முழுப் பாலை நிலம். சரக்கொன்றை பூத்துக் குலுங்குவதைப் பார்க்க ஆசைப்படுவோர் ஆறு மணிக்குள் நுழைந்து எட்டு மணிக்குள் வெளியேறிவிட வேண்டும். மழைக்காலத்தில் பச்சை கண்ணை நிறைக்கும். கூடவே கொசு, சேறு, பாம்பு.

தண்ணீர் தலைக்கு ஒரு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் கடை கிடையாது. தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள், குரங்குகள் அதற்காகவே காத்திருக்கின்றன. எங்கள் தயிர்சாதம் பைக்குள் ஆழத்தில் இருந்ததால் தப்பியது. அதை வெளியே வந்து வாயிலருகே உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். ஆள் நடமாட்டம் காலையில் அகலப் பாதையில் நன்றாக இருக்கிறது, உட்பகுதிகளில் இல்லை. ஆகவே தனியாக, குறிப்பாகப் பெண்கள் தனியாக, கிளைப்பாதைகளுக்குள் போவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். பேய்க்குப் பயந்து அன்று.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். அரை மதிப்பெண் ஓடைக்காகவும், ஒரு முழு மதிப்பெண் எங்கு திரும்பினாலும் நிற்கும் அந்த ஒற்றை மரத்துக்காகவும் குறைத்திருக்கிறேன். மாமனாரோ ஐந்துக்கு ஐந்து கொடுத்துவிட்டு, ஊருக்குத் திரும்பும் முன் இன்னொரு முறை போக வேண்டும் என்கிறார். மூன்று நாள் கழித்து, அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது என் காலணிக்குள் ஏதோ குத்தியது. கழற்றித் தட்டினால், அதே கறுத்த நுனி. அவருடைய ஊக்கு இல்லாமல், எழுத்தர் ஒருவரிடம் குண்டூசி கேட்டு வாங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது.